எளியோருக்கு அரணான ஒரு சட்டநூல்
(பழைய வியட்நாம் வரலாற்றிலிருந்து ஒரு பாடம்)

ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் வரலாற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகை முழுவதும் மன்னர்களின் பெயர்களும் போர்கள் நடந்த ஆண்டுகளும் நிறைந்திருந்தன. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், இத்தனை ராஜாக்களும் சட்டம் போட்டார்களே, அதிலே அனாதைகளுக்கும் வயதானவர்களுக்கும் ஏதாவது எழுதியிருந்தார்களா? இல்லை, வரியும் தண்டனையும் மட்டுந்தானா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

அன்று மாலை நான் வீடு திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தருகே முதியவர் ஒருவர் காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். அவரைச் சுற்றிக்கொண்டு பலர் போனார்கள். உண்மையைச் சொன்னால், பேருந்து வந்துவிட்டதே என்ற அவசரத்தில் நானும் போனேன். பேருந்தில் அமர்ந்த பிறகுதான் அந்த மாணவியின் கேள்வி மீண்டும் நினைவுக்கு வந்து உறுத்தியது. அன்று அவளுக்குச் சொல்லாமல் விட்ட விடையைத் தேடியபோது கண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வியட்நாம் நாட்டில் வழங்கிய ஒரு சட்டநூலே இக்கட்டுரையின் பொருள்.

நாடும் மன்னரும்

தென்கிழக்கு ஆசியாவில், சீனத்திற்குத் தெற்கே, கடலோரமாக நீண்டு கிடக்கும் நாடு வியட்நாம். 1407 முதல் 1427 வரை இருபது ஆண்டுகள் அது சீனத்தின் மிங் பேரரசின் ஆட்சியில் சிக்கியிருந்தது. லே லோய் என்னும் வீரர் பத்தாண்டுகள் போராடி அந்நியரை விரட்டி, 1428இல் அரியணை ஏறினார். அவர் தொடங்கி வைத்ததே லே அரச மரபு. தலைநகர் தாங் லோங், இன்றைய ஹனோய் நகரம்.

அம்மரபில் வந்தவர்களுள் புகழ் மிக்கவர் லே தான் தோங். 1442இல் பிறந்து, 1460 முதல் 1497 வரை முப்பத்தேழு ஆண்டுகள் ஆண்டார். இவருடைய இளமையை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். இவரைக் கருவில் சுமந்திருந்தபோது இவருடைய தாயார் அரண்மனைச் சூழ்ச்சிக்கு ஆளாகி, தலைநகரில் ஹுய் வான் என்னும் புத்த விகாரையில் அடைக்கலம் புகுந்தார் என்று அந்நாட்டு மரபு கூறும். அரண்மனையில் பிறக்க வேண்டிய குழந்தை அடைக்கலம் தந்த இடத்தில் பிறந்தது. திக்கற்ற தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் தாம் வெளியிட்ட சட்டத்தில் இடமளித்தபோது, தம் பிறப்பின் கதையை அவர் மறந்திருக்க முடியுமா?

இவருடைய ஆட்சியின் பிற்பகுதிக்கு ஹோங் டுக் காலம் என்று பெயர். அதனால் இச்சட்டத் தொகுப்பை ஹோங் டுக் சட்டம் என்றே மக்கள் அழைத்தனர். முன்னோர் காலத்து விதிகளைத் திரட்டி, புதியன சேர்த்து ஒழுங்குபடுத்தப்பட்ட இந்நூலில் 722 பிரிவுகள் உள்ளன. பெரும்பகுதிக்குச் சீனத்தில் 653இல் எழுந்த தாங் மரபுச் சட்டமே மாதிரி. ஆயினும் வியட்நாமியர் அதை அப்படியே படி எடுத்துவிடவில்லை. தம் நாட்டு வழக்கங்களையும், குறிப்பாகப் பெண்களுக்குத் தம் மக்களிடையே இருந்த மதிப்பையும் அதில் சேர்த்தார்கள்.

நால்வகைத் திக்கற்றோர்

மனைவியை இழந்த முதியவர், கணவனை இழந்த முதியவள், தந்தையை இழந்த பிள்ளை, பிள்ளையில்லாத முதியவர் ஆகிய நால்வருமே உலகில் முறையிட ஆளற்றவர்கள் என்றும், நல்ல அரசன் முதலில் இவர்களையே நினைப்பான் என்றும் சீன ஞானி மென்சியஸ் போதித்தார். அறிஞர் பலரும் இதை மேற்கோளாகச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தனர். அறிவுரையாக இருந்த இக்கருத்தை ஹோங் டுக் சட்டம் கட்டளையாக்கியது.

சட்டத்தின் 295ஆம் பிரிவு கூறுவது இது: மனைவியை இழந்தவர், கைம்பெண், அனாதை, கடுமையான உடல் ஊனமுற்றவர் ஆகியோர் வறுமையில் வாடி, சுற்றத்தார் யாருமின்றி, தாமே பிழைக்க வழியற்று இருந்தால், அவ்வூர் அதிகாரிகள் அவர்களை ஏற்றுப் பராமரிக்க வேண்டும். கைவிட்டால் அந்த அதிகாரிக்கு ஐம்பது பிரம்படி. பதவியிலும் ஒரு படி குறைப்பு. அவர்களுக்கென்று வந்த துணியையும் தானியத்தையும் அதிகாரி அபகரித்தால், காவலில் வைத்த பொதுச்சொத்தைத் திருடிய குற்றத்திற்குரிய தண்டனை.

இதற்கு முந்தைய 294ஆம் பிரிவைப் படித்தபோதுதான் என் மனம் சுருக்கென்றது. நோயுற்ற ஒருவர் பார்ப்பார் யாருமின்றிச் சாலையிலோ, பாலத்திலோ, சத்திரத்திலோ, விகாரையிலோ கிடந்தால், அவ்வூர் அதிகாரிகள் அவருக்குக் குடிசை போட்டு, கஞ்சியும் மருந்தும் கொடுத்துக் காப்பாற்ற முயல வேண்டும். அவர் இறந்துபோனால் மேலதிகாரிக்குத் தெரிவித்து அடக்கம் செய்ய வேண்டும்; உடலை வெளியே கிடக்க விடக்கூடாது. தவறினால் பதவிக் குறைப்பு அல்லது பதவி நீக்கம். நான் பேருந்து நிறுத்தத்தில் கண்டு கடந்து சென்ற அந்த முதியவரைப் போன்றவருக்காகவே எழுதியதுபோல அந்தப் பிரிவு அமைந்திருந்தது!

மாணவியரே, இவ்விரு பிரிவுகளிலும் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். 'ஏழைகளுக்கு இரங்குங்கள்' என்று பொதுவாகச் சொன்னால், எல்லாரும் தலையசைத்துவிட்டுத் தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். 'இந்த ஊரில் இவர் கிடந்தால் பொறுப்பு இன்னாருடையது' என்று பெயர் சுட்டிவிட்டால் தப்பிக்க வழியில்லை. பிரம்படி காத்திருப்பது நோயாளிக்கன்று, ஏழைக்கன்று. கடமை தவறிய அதிகாரிக்கு. இரக்கத்திற்கு ஒரு பொறுப்பாளியை நியமித்ததுதான் இச்சட்டத்தின் சிறப்பு.

சிறுவரும் முதியவரும்

குற்றம் செய்தவர் எல்லாருக்கும் ஒரே தண்டனைதானா? 16ஆம் பிரிவு வயதையும் உடல்நிலையையும் பார்த்து மூன்று படிகளை வகுத்தது.

முதற்படி: எழுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர், பதினைந்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர், உடல் ஊனமுற்றவர். இவர்கள் நாடு கடத்தலுக்கோ அதனினும் குறைந்த தண்டனைக்கோ உரிய குற்றம் செய்தால், பணம் செலுத்தித் தண்டனையிலிருந்து மீளலாம். பத்துக் கொடிய குற்றங்களுக்கு மட்டும் இச்சலுகை இல்லை.

இரண்டாம் படி: எண்பதுக்கு மேற்பட்டவர், பத்துக்குக் கீழ்ப்பட்டவர், கொடிய நோயுற்றவர். கலகம், கொலை போன்ற மரணதண்டனைக் குற்றமானால் மன்னரிடமே வழக்கு செல்ல வேண்டும். திருட்டுக்கும் அடிதடிக்கும் பணம் செலுத்தி மீளலாம். மற்ற குற்றங்களுக்குத் தண்டனையே கிடையாது.

மூன்றாம் படி: தொண்ணூறும் அதற்கு மேலும், ஏழும் அதற்குக் கீழும். மரணதண்டனைக்குரிய குற்றமே ஆனாலும் இவர்களைத் தண்டிக்கக்கூடாது. யாராவது தூண்டிவிட்டிருந்தால் தூண்டியவரே தண்டனை பெறுவார். குழந்தையைக் கருவியாக வைத்துத் திருடும் கயவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள் போலும்! அங்கே குழந்தை பிறந்தவுடனேயே ஒரு வயது என்று கணக்கிடுவது வழக்கம். ஆகவே ஏழு வயது என்பது நம் கணக்கில் ஏறக்குறைய ஆறேயாகும்.

அடுத்துவரும் 17ஆம் பிரிவு இன்னும் அழகானது. இளமையில் குற்றம் செய்து முதுமையில் பிடிபட்டால், அவரை முதியவராகவே நடத்த வேண்டும். சிறுவயதில் குற்றம் செய்து வளர்ந்த பின் பிடிபட்டால், சிறுவராகவே நடத்த வேண்டும். இரண்டு நிலையிலும் எது இரக்கமோ அதையே சட்டம் தேர்ந்துகொண்டது.

விசாரணையில் அடித்துக் கேட்பது அக்கால வழக்கம். எழுபதைக் கடந்தவரையும், பதினைந்தைத் தாண்டாதவரையும், ஊனமுற்றவரையும் அவ்வாறு வதைக்கக்கூடாது. சாட்சிகளின் சொல்லைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். மற்றவர்களையும் மூன்று முறைக்கு மேல் அடித்து விசாரிக்கக்கூடாது. மொத்த அடி நூற்றைத் தாண்டக்கூடாது. நமக்கு இது கொடுமையாகவே தோன்றும். ஆனால் வரம்பே இல்லாதிருந்த ஓர் இடத்தில் வரம்பு போட்டார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது.

திக்கற்ற பிள்ளைகளை விலைக்கு வாங்குவோரும் அன்று இருந்தனர். அனாதைச் சிறுமி ஒருத்தி பிணை நிற்பார் யாருமின்றித் தன்னையே விற்றுக்கொண்டால், வாங்கியவர், பத்திரம் எழுதியவர், சாட்சிக் கையெழுத்திட்டவர் மூவருக்கும் தண்டனை உண்டு, பத்திரமும் செல்லாது. பசிக்கொடுமையால் அந்தச் சிறுமி சம்மதித்தாலும், அதைச் சம்மதமாகச் சட்டம் கொள்ளவில்லை. அவ்வாறே, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுமியிடம் தகாத முறையில் நடந்தவன், 'அவள் இசைந்தாள்' என்று சொல்லித் தப்ப முடியாது. பலாத்காரக் குற்றவாளியாகவே அவன் தண்டிக்கப்படுவான் என்கிறது 404ஆம் பிரிவு.

பெண்களுக்கு

ஹோங் டுக் சட்டம் ஐவகைத் தண்டனைகளைச் சொல்கிறது: பிரம்படி, தடியடி, கட்டாய உழைப்பு, நாடு கடத்தல், மரணம். இவற்றுள் தடியடி ஆண்களுக்கு மட்டுமே. கட்டாய உழைப்பிலும் வேறுபாடு உண்டு. ஆண்கள் யானைக்கொட்டிலிலும் வயலிலும் உழைக்க வேண்டும். பெண்கள் சமையற்கூடத்திலும், பட்டுப்புழு வளர்க்கும் இடத்திலும், நெல் குத்தும் கூடத்திலும் உழைக்க வேண்டும். கருவுற்ற பெண் குற்றவாளியானால், குழந்தை பிறந்து நூறு நாள் கழியும்வரை தண்டனையை நிறைவேற்றக்கூடாது என்று 680ஆம் பிரிவு விதித்தது. தாய் செய்த பிழைக்குக் குழந்தை பலியாகலாமா என்ற எண்ணமே இதற்கு அடிப்படை.

சொத்து வகையிலும் பெண்ணுக்கு இடமிருந்தது. பெற்றோர் உயில் எழுதாமல் இறந்தால், சொத்தில் இருபதில் ஒரு பங்கை முன்னோர் வழிபாட்டுக்கென ஒதுக்கி மூத்த மகனிடம் கொடுப்பர். மூத்த மகன் இல்லாவிடில் அப்பொறுப்பு மூத்த மகளுக்கு உரியது. மகன் இல்லாத வீட்டில் முன்னோருக்கு விளக்கேற்றும் உரிமை மகளுக்கு உண்டு என்று பதினைந்தாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்கள்!

திருமண வகையில் மூன்று விதிகளைச் சொல்கிறேன். செல்வாக்குள்ள குடும்பத்தார் எளிய குடும்பத்துப் பெண்ணை மிரட்டி மணமுடித்தால் தண்டனை உண்டு. நிச்சயதார்த்தம் ஆன பின், மாப்பிள்ளைக்குக் கொடிய நோய் வந்தாலோ, அவன் குற்றவாளியானாலோ, சொத்தை அழித்தாலோ, பெண் அதிகாரியிடம் முறையிட்டு, வாங்கிய சீரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம். மூன்றாவது, 308ஆம் பிரிவு. கணவன் ஐந்து மாதம் மனைவியை எட்டியும் பாராமல் கைவிட்டால், அவள் ஊர் அதிகாரிகளிடம் தெரிவித்துச் சாட்சி வைத்துக்கொள்ளலாம். கணவன் அவள்மேல் உள்ள உரிமையை இழப்பான். குழந்தை இருந்தால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அரசாங்க அலுவலாகத் தொலைவிடம் சென்றவனுக்கு இது பொருந்தாது. கைவிட்ட பின்பும் அவள் வேறு மணம் செய்வதைத் தடுத்தானானால் அவனுக்குத் தண்டனை உண்டு.

கைவிடப்பட்ட பெண்ணின் பெரிய துன்பம் எது? மனைவியும் இல்லை, மனைவி அல்லாதவளும் இல்லை என்று நடுவில் தொங்குவதுதான். அந்தத் துன்பத்துக்கு நாள் குறித்து முடிவு கட்டியது இப்பிரிவு.

மறுபக்கம்

இவ்வளவும் படித்ததும் 'அடடா, பொற்காலம்!' என்று கைதட்டிவிடாதீர்கள். வரலாறு படிப்பவர் இரு பக்கமும் பார்க்க வேண்டும்.

இதே சட்டத்தில், கணவன் மனைவியை அடித்துக் காயப்படுத்தினால், அயலாரைக் காயப்படுத்தியதற்குரிய தண்டனையில் மூன்று படி குறைத்தே கிடைக்கும். மனைவி கணவனை அடித்தாலோ நாடு கடத்தல்! மலடு, பொறாமை, தீரா நோய், ஒழுக்கக்கேடு, மாமன் மாமிக்குப் பணியாமை, வாயாடித்தனம், திருட்டு என ஏழு காரணங்களுள் ஒன்றைக் காட்டிக் கணவன் மனைவியை விலக்கலாம். மாமன் மாமிக்கு மூன்றாண்டு துக்கம் காத்தவள், ஏழ்மையில் உடனிருந்து செல்வம் வரக் கண்டவள், திரும்பிப் போகப் பிறந்தகம் இல்லாதவள் ஆகிய மூவரை மட்டும் விலக்கலாகாது. ஒரு கையால் பறித்ததை மறு கையால் சிறிது திருப்பிக் கொடுத்ததைப் போன்றது இது.

அடிமை முறையும் அன்று இருந்தது. உயர்குடியினருக்குத் தண்டனையில் தனிச்சலுகைகள் இருந்தன. பெருங்குற்றம் சாட்டப்பட்டவரின் மூன்று தலைமுறைச் சுற்றத்தையும் அழிக்கும் வழக்கமும் இருந்தது. லே லோய்க்குத் துணைநின்ற பேரறிஞர் நுயென் சாய், 1442இல் பொய்ப்பழிக்கு ஆளாகிக் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1464இல், லே தான் தோங் மன்னரே அவர் குற்றமற்றவர் என்று அறிவித்தார். பழி நீங்கியது, உயிர்கள் திரும்பவில்லை. அதே மன்னர் 1471இல் தெற்கே சம்பா நாட்டின்மீது படையெடுத்து அதன் தலைநகர் விஜயாவை அழித்தார். தம் நாட்டு அனாதைக்குச் சோறிடச் சொன்னவர், அயல்நாட்டில் எத்தனை பிள்ளைகளை அனாதையாக்கினார்! இரக்கத்துக்கு எல்லைக்கோடு போட்டுவிடுவது மனிதருக்கு எளிது என்பதற்கு இது சான்று.

மேலும், 'மன்னன் சட்டம் ஊர் வழக்கத்துக்குத் தோற்கும்' என்ற கருத்தில் வியட்நாமில் ஒரு பழமொழி உண்டு. மேலே எழுதப்படுவது வேறு, கீழே நடப்பது வேறு என்று அந்நாட்டு மக்களே அறிந்திருந்தனர்.

பின்னால் நடந்தது

மரபுகள் மாறின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுயென் மரபின் ஜியா லோங் மன்னர் 398 பிரிவுகள் கொண்ட புதிய சட்டத்தை வெளியிட்டார். அது சீனத்தின் சிங் பேரரசுச் சட்டத்தை ஒட்டியது. பழைய சட்டத்தில் பெண்களுக்கு இருந்த பல உரிமைகள் அதில் இடம்பெறவில்லை. நல்ல விதி ஒருமுறை எழுதப்பட்டால் என்றும் நிற்கும் என்று நாம் நம்பியிருக்க முடியாது என்பது இதனால் தெரிகிறது. காப்பாற்றுவார் இல்லையேல் அது போய்விடும்.

ஆயினும் முற்றும் போய்விடவில்லை. ஹோங் டுக் சட்டநூல் பிரெஞ்சிலும், பின்னர் 1987இல் ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டு உலக அறிஞர்களின் கவனத்தைப் பெற்றது. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை குழந்தைகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றபோது, 1990இல் ஆசிய நாடுகளுள் முதலாவதாக அதற்கு ஒப்புதல் அளித்தது வியட்நாம். நம் இந்தியா 1992இல் அதில் சேர்ந்தது.

நமக்கு

அந்த மாணவிக்கு இப்போது விடை சொல்ல முடியும். ஆம் அம்மா, எழுதியிருந்தார்கள். எல்லாருக்கும் அல்ல, முழுமையாகவும் அல்ல, ஆனால் எழுதியிருந்தார்கள். ஒரு நாட்டின் சட்டத்தை எடைபோட வேண்டுமானால், அதில் வலியவனுக்கு என்ன இருக்கிறது என்று பார்க்காதே. அது எப்போதும் இருக்கும். வழியில் விழுந்து கிடப்பவனுக்கு என்ன இருக்கிறது, அதைச் செய்யும் பொறுப்பு யாருடையது என்று பார்.

என் விடை இதோடு முடியவில்லை. மறுநாள் காலை அந்தப் பேருந்து நிறுத்தத்துக்குச் சற்று முன்னதாகவே போனேன். அந்த முதியவர் அங்கே இல்லை. பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் அம்மா, "ராத்திரி ரெண்டு பசங்க ரிக்ஷாவிலே வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க டீச்சர். நான் கொஞ்சம் கஞ்சி குடுத்து அனுப்பினேன்" என்றார். ஹோங் டுக் சட்டத்தின் 294ஆம் பிரிவைப் படிக்காமலே அதை நிறைவேற்றியவர்கள் அவர்கள். படித்த நானோ கடந்து போனவள். சட்டம் பிரம்பைக் காட்டி அதிகாரியை நிறுத்தும். பிரம்பில்லாத இடத்தில் நம்மை நிறுத்த வேண்டியது நம் மனமே. அடுத்த முறை பேருந்து போனால் போகட்டும் என்று அன்று முடிவு செய்தேன். நீங்களும் முடிவு செய்வீர்களா?

சிந்திக்கச் சில வினாக்கள்

1. 'இரக்கத்திற்கு ஒரு பொறுப்பாளியை நியமித்தது' என்பதன் பொருளை 294, 295ஆம் பிரிவுகளைக் கொண்டு விளக்குக.
2. 17ஆம் பிரிவு நியாயமானதா? காரணம் காட்டி வகுப்பில் விவாதிக்கவும்.
3. கைவிடப்பட்ட மனைவிக்கு 308ஆம் பிரிவு எவ்வாறு உதவியது? அதே சட்டத்தில் பெண்களுக்குப் பாதகமாக இருந்த விதிகள் இரண்டினைக் கூறுக.
4. உங்கள் தெருவில் திக்கற்றோர் யாவர்? அவர்களுக்காக நீங்களும் உங்கள் வீட்டாரும் இவ்வாண்டு செய்யக்கூடிய ஒன்றை எழுதி வருக.